வெடிமருந்துக்கு வரிப்பணம்; நோய்மருந்துக்குக் காப்புரிமையா?

நீலமலையில் செகதளாவுக்கு அண்மையில் இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, அருவங்காட்டு வெடிமருந்துச்சாலை; மற்றொன்று, வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாசுட்டியர் ஆய்வகம். வெடிமருந்தின் ஆய்வுச் செலவை யார் ஈடுசெய்வார் என்று எவரும் வினவியதில்லை. நூறாண்டுக்கு மேலாக அரசே அதனைத் தாங்கிற்று. உயிர்காக்கும் மருந்துக்கு மட்டும் 20 ஆண்டுக் காப்புரிமை வேண்டும், இன்றேல் ஆய்வே நடவாது என்கின்றனர் மருந்து வாணிகர். இஃது எந்நாட்டு அறம்?

ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பது மெய்யே. மாந்தரிடம் ஆய்ந்து பார்க்கும் நிலையை எட்டிய மருந்துகளுள்ளும் பத்தில் ஒன்றே கரையேறும். அச்செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதே வழக்கு. காப்புரிமை அதனை நோயாளியின் தலையில், அதுவும் அவன் படுக்கையில் வீழ்ந்த பொழுதில் ஏற்றுகின்றது. விலை கொடுக்க இயலாதவனின் நோயை ஆய்வதற்கோ ஆளே இல்லை.

இதே மலை வேறொரு வழியையும் கண்டது. 1860-களில் தென்னமெரிக்க வித்துகளைக் கொணர்ந்து இங்கே சின்கோனா பயிரிட்டனர். 1866-இல் சென்னை அரசு அமைத்த குழு, விலைமிகுந்த கொயினாவேயன்றி அப்பட்டையின் பிற பொருள்களும் முறைக்காய்ச்சலைத் தணிக்குமா என்று நோயாளரிடம் ஆய்ந்து, தணிக்கும் எனக் கண்டது. நடுவட்டத்தில் அரசே ஆலை நிறுவிற்று. பின்னர்க் கொயினா அஞ்சல் நிலையங்களில் சிறு பொட்டலமாகச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டது. வெள்ளையன் அருளாளன் அல்லன்; தன் படைஞர் காய்ச்சலில் மாளாதிருக்கவே செய்தான். ஆயினும் செலவைப் பொதுப்பணம் ஏற்றது, மருந்து மலிந்தது.

குன்னூர் ஆய்வகத்துக்கு அடிப்படையாய் இருந்தது அமெரிக்கச் செல்வர் என்றி பிப்சின் கொடை. செல்வர் கொடை அவர் மனம்போல் வரும், போகும். மக்கள் கொடை வேறு: 1938-இல் அமெரிக்காவில் தோன்றிய இளம்பிள்ளைவாத அறக்கட்டளை சிறுகாசுகளாய்த் திரட்டிய பொருளால் வளர்ந்ததே, 1955-இல் வெளிவந்த சாக்கின் தடுப்பூசி. அதற்குக் காப்புரிமை இல்லை.

மருந்து கண்டவர்க்குப் பொதுப்பணத்தில் ஒருமுறை பெரும்பரிசு அளித்து, செய்முறையை எல்லார்க்கும் திறந்துவிடுவது மற்றொரு வழி. அப்போது மருந்தின் விலையில் செய்கூலியே நிற்கும். நாடுகள் தம் மொத்த வருவாயில் பதினாயிரத்தில் ஒரு பங்கை ஏழை நாடுகளுக்கான மருந்தாய்வுக்கு ஒதுக்குமாறு 2012-இல் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அவ்வளவுக்கும் வல்லரசுகளின் கை நீளவில்லை.

பொதுப்பணம் மட்டும் போதாது. சாவி யார் கையில் என்பதும் உண்டு. தரவிதிகள் நிறைவேறவில்லை என்று 2008-இல் குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தடுப்பூசி உரிமத்தையும் தில்லி நிறுத்திற்று. குறையிருப்பின் பணமிட்டுத் திருத்துவதன்றோ முறை? 2010-இல் தடை நீங்கும்வரை தனியார் குழுமங்களிடம் தடுப்பூசி வாங்கப்பட்டது. செங்கற்பட்டில் பல நூறு கோடியில் எழுந்த தடுப்பூசி வளாகமோ 2021 கொரோனாப் பெருந்தொற்றில் ஓர் ஊசிமருந்தும் செய்யாது கிடந்தது. தமிழ்நாட்டரசு அதனைக் கேட்டது, கிடைக்கவில்லை.

எனவே தமிழ்நாடு தனக்கென மருந்தாய்வு வைப்பு ஒன்றை அமைத்தல் வேண்டும். சாராயக்கடை வருவாயில் நூற்றிலொரு பங்கே தொடக்கத்திற்குப் போதும். அதனால் கண்ட செய்முறை தமிழில் வெளிவரட்டும், எவரும் செய்யட்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாய் மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இன்ன மருந்தை இவ்வளவு வாங்குவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும்.