முட்டையைத் தின்னும் தாய் மீன்



கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் ஏஞ்சல் மீனை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். தட்டையான உடம்பு, மேலும் கீழும் நீண்ட செட்டைகள், வெள்ளி நிறத்தில் கறுப்புக் கோடுகள். இதன் சொந்த இடம் தென் அமெரிக்காவின் அமேசன் ஆறு. நீரோட்டம் குறைந்த பகுதிகளில், நீருக்குள் நிற்கும் செடிகளுக்கும் மரவேர்களுக்கும் இடையில் இது வாழ்கிறது. அந்தக் கோடுகளும் தட்டையான உடம்பும் செடிகளிடையே ஒளிந்துகொள்ள உதவுகின்றன. சிக்லிட் என்ற பெரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்று எமது குளங்களில் நிறைந்திருக்கும் திலாப்பியாவும் அதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்தின் சிறப்பு பிள்ளை வளர்ப்பு. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் தம் வழியே போய்விடும். ஏஞ்சல் சோடி அப்படியல்ல. அகன்ற இலை ஒன்றையோ நிமிர்ந்து நிற்கும் குழாயையோ தெரிவுசெய்து, இரண்டுமாக வாயால் சுத்தம் செய்யும். பெண் மீன் அதில் நிரையாக முட்டைகளை ஒட்டிச் செல்ல, ஆண் மீன் பின்னால் வந்து கருக்கட்டச் செய்யும். சில நூறு முட்டைகள் இருக்கும். பிறகு இரண்டும் மாறி மாறிக் காவல் நின்று செட்டையால் விசிறும். பழுதாகி வெளுத்த முட்டைகளை அகற்றும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிக்கும். இதே அமேசனைச் சேர்ந்த டிஸ்கஸ் மீனோ இன்னும் ஒரு படி மேல். தாய், தகப்பன் இரண்டின் தோலிலும் சுரக்கும் சளியை உண்டுதான் அதன் குஞ்சுகள் முதல் நாட்களில் வளர்கின்றன.

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பெண்கள் குழுக் கூட்டத்தில், விற்பனைக்காக வீட்டில் மீன் வளர்க்கும் அக்கா ஒருவர் தன் கவலையைச் சொன்னார். "ராத்திரி முழுக்க முட்டை இருந்தது. விடியப் பார்த்தால் ஒண்டையும் காணேல்லை. அதுகளே திண்டிட்டுதுகள்." உடனே இன்னொருவர், "பெத்ததைத் தின்னுறதும் ஒரு தாயோ?" என்றார். பலர் சிரித்தார்கள். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விட நேர்ந்த தாய்மார் சிலரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். முட்டையைத் தாய் மீன் மட்டும் தின்பதில்லை, தகப்பன் மீனும் தின்னும். ஆனால் பழி தாய்க்குத்தான்!

ஏன் தின்கின்றன? பயம் ஒரு முக்கிய காரணம். தொட்டியைத் தட்டுவது, இருட்டில் திடீரென வெளிச்சம் போடுவது, அருகில் ஆட்கள் ஓடித்திரிவது, அதே தொட்டியில் வேறு மீன்கள் நிற்பது எல்லாம் அவற்றைக் கலங்கச் செய்யும். காப்பாற்ற முடியாது என்ற நிலையில் முட்டையை விழுங்கிவிடும். முதல் சில தடவைகள் அனுபவமில்லாமலும் இது நடக்கும். கெட்ட தண்ணீரும் பசியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே திருத்த வேண்டியது தொட்டியைத்தான். ஒரு சோடிக்குக் குறைந்தது 80 லீற்றர் தண்ணீரும் ஒன்றரை அடி உயரமும் வேண்டும். புதுத் தொட்டியில் உடனே மீனை நிறைக்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் நல்ல பற்றீரியாக்கள் வடிகட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்தப் பற்றீரியாக்களைக் கொன்றுவிடும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். யாழ்ப்பாணக் கிணறுகளின் நீர் சுண்ணாம்புக் கல்லால் வன்மையானது. சுத்தமாகப் பிடித்த மழைநீரைக் கலந்தால் முட்டை நன்றாகப் பொரிக்கும். ஆண் பெண் அடையாளம் காண்பது கடினம் என்பதால் ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, தாமாகச் சோடி சேர விடுங்கள். சோடி சேர்ந்ததும் தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு பக்கத்தைத் துணியால் மறையுங்கள். முதல் தடவை தின்றால் மீனை விற்றுவிடாதீர்கள். ஒரு சில வாரங்களில் மறுபடி முட்டையிடும்.

சகோதரிகளே, மீன் வேறு, மனிதர் வேறு. மீனுக்கு நடந்தது தெரியாது. எமது தாய்மாருக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். ஷெல் விழும் இடத்தில், சோறில்லாத முகாமில், கணவனைத் தேடி அலைந்த நாட்களில் அவர்கள் எடுத்த முடிவுகளை, இன்று ஓட்டு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு அளப்பது நியாயமா? பிள்ளையை இல்லத்தில் விட்டவள் பிள்ளையைக் கைவிட்டவள் அல்ல. அவனுக்கு ஒருவேளைச் சோறும் ஒரு பள்ளிக்கூடமும் தேடியவள்.

உங்கள் அயலில் அப்படி ஒரு தாய் இருந்தால், ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். மீனுக்கு முட்டையைக் காக்க அமைதியான தண்ணீர் வேண்டும். அவளுக்கு உங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வேண்டும்.