யார் வீட்டில் சிப்பாய்?

கட்டலோனியாவின் தேசிய கீதத்துக்குப் பெயர் ‘அறுவடைக்காரர்கள்’. 1993இல் சட்டம் போட்டு அதிகாரபூர்வமாக்கினார்கள். கூலிக்குக் கதிர் அறுத்தவன் பெயரில் ஒரு தேசத்தின் கீதம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழர்களே, 1640இல் அந்தக் கூலிக்காரன் எதற்காகக் கிளம்பினான், யாரெல்லாம் அவனுக்குப் பயந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

பிரான்சோடு சண்டை. ஸ்பெயின் மன்னரின் படை அந்தக் குளிர்காலத்தில் கட்டலோனியாவில் தங்கியது. பாசறையில் இல்லை, குடியானவன் வீட்டில். சட்டப்படி படுக்கை, உப்பு, காடி, நெருப்பு மாதிரி சில்லறைகள் தந்தால் போதும். ஒழுங்காகச் சம்பளம் வராத சிப்பாய் சட்டமா பார்ப்பான்? ரொட்டி கொண்டா, கறி கொண்டா, காசு கொண்டா, இல்லேன்னா அடி. பிரபுக்கள், பாதிரிமார் வீடுகளுக்கு விலக்கு. சுமை முழுக்க இல்லாதப்பட்டவன் தலையில்.

ஏப்ரல் கடைசியில் சாந்தா கொலோமா தெ ஃபார்னெர்ஸ் ஊருக்குப் படையை இறக்க வந்த அதிகாரி மோன்ரொடோனை, அவர் புகுந்திருந்த வீட்டோடு சேர்த்து ஊர்சனம் கொளுத்தியது. சிப்பாய்கள் ரியுதாரெனெஸ் கிராமத்தை எரித்தார்கள், தேவாலயம் உட்பட. ஜிரோனா ஆயர் அந்தப் படையைச் சபையிலிருந்து விலக்கினார். வீடு வீடாக அடி விழுந்தபோது வராத சாபம், கோயில் எரிந்ததும் வந்துவிட்டது.

ஜூன் 7, கிறிஸ்துவின் திருவுடல் திருவிழா. வருசாவருசம் போல அறுவடைக் கூலி தேடிச் சுமார் 500 பேர் பார்சிலோனாவுக்குள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கத்திக்குத்து பட்டார். அவ்வளவுதான், நகரமே பற்றிக்கொண்டது. நீதிபதிகளின் வீடுகள் சூறையாடப்பட்டன. தப்பியோடிய வைஸ்ராய் கடற்கரையில் கொல்லப்பட்டார். மன்னர் வாழ்க, கெட்ட ஆட்சி ஒழிக என்பதே கோஷம். மன்னரை வாழ்த்திக்கொண்டே அவரது ஆளைத் தீர்ப்பதா, அறியாத சனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜத்துரோகப் பட்டம் விழாமல் அதிகாரத்தின்மேல் கைவைக்க அதுவும் ஒரு வழிதான்.

அந்தக் கோடையில் கலகக்காரர்கள் உள்ளூர்ப் பணக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. அங்கேதான் மேட்டுக்குடிக்கு நடுக்கம் பிடித்தது. பாவ் கிளாரிஸ் தலைமையிலான ஆட்சிக்குழு கலகத்தைத் தன் கையில் எடுத்து, 1641 ஜனவரியில் பிரெஞ்சு மன்னர் 13ஆம் லூயியை ஏற்றுக்கொண்டது. அப்புறம்? பிரெஞ்சுச் சிப்பாய் வந்தான். அவனும் குடியானவன் வீட்டில்தான் வந்து படுத்தான். 1652இல் பார்சிலோனா மறுபடி ஸ்பெயினிடம் விழுந்தது.

1687இல் வெட்டுக்கிளி பயிரைத் தின்ற காலத்தில், படைச் செலவுக்கு மீண்டும் வசூல். சென்டெலெஸ் ஊரில் கிளம்பிய அந்தக் கலகத்தை, விவசாயிகள் போட்டிருந்த தொப்பியின் பெயரால் பாரெட்டினா கலகம் என்கிறார்கள். 1689இல் பார்சிலோனாவைச் சூழ்ந்தார்கள். இந்த முறை நகரத்துப் பெரிய மனிதர்கள் வைஸ்ராய் பக்கம் நின்றார்கள். கலகம் நசுக்கப்பட்டது.