புத்தகத்தில் மட்டும் இருக்கும் வியாழன்

போன மார்கழியில் ஒரு ராத்திரி. மூன்றாவது படிக்கும் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அக்கா, "மாமாவுக்கு பிளானெட்ஸ் சொல்லிக் காட்டுடி" என்றாள். குழந்தையும் கையைக் கட்டிக்கொண்டு மெர்க்குரியில் ஆரம்பித்து நெப்டியூன் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எல்லோரும் கைதட்டினோம்.

சாப்பிட்டுவிட்டு அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். வானத்தில் பளபளவென்று ஒன்று.

"அது என்ன சொல்லு?"

"ஸ்டார்."

"இல்ல குட்டி, அதுதான் ஜூபிடர்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போ மாமா, ஜூபிடர் புக்குலதான் இருக்கும்."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம். குழந்தை மேல் இல்லை, நம் எல்லோர் மேலும்தான்.

ஒருவரை அறிமுகப்படுத்துவது என்றால் என்ன? ஆளை நேரில் காட்டி, "இவர்தான் இன்னார்" என்று சொல்வது. ஆளையே காட்டாமல் பெயர், உயரம், எடை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைத்தால் அதற்குப் பெயர் அறிமுகமா? சூரியக் குடும்பத்தை நம் குழந்தைகளுக்கு அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வாரத்தில் ஐந்து நாளுக்கு அந்தப் பெயர்தான். காலண்டரைத் தினமும் கிழிக்கிறோம், தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

அடுத்தது அந்தச் சார்ட். இடது ஓரத்தில் பாதி சூரியன், பக்கத்திலேயே எட்டு உருண்டைகள் ரேஷன் கடை வரிசை மாதிரி. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, செவ்வாய் என்பது பக்கத்துத் தெரு என்றுதான் நினைக்கும். தூரங்களைச் சரியான விகிதத்தில் போட்டு நெப்டியூன் வரைக்கும் ஒரு மீட்டர் சார்ட்டில் அடக்கினால் சூரியனே 0.3 மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். பூமி கண்ணுக்கே தெரியாது. இடத்துக்காகச் சுருக்கியது தப்பில்லை. சுருக்கியிருக்கிறோம் என்று குழந்தையிடம் சொல்லாததுதான் தப்பு.

தெர்மாகோல் புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா பெயின்ட் அடிப்பார், அம்மா ஈர்க்குச்சி குத்துவார், குழந்தை தூங்கிவிடும். மறுநாள் மார்க் குழந்தைக்கு :-)

குறை மட்டும் சொன்னால் போதுமா, வழி என்ன என்று கேட்பீர்கள். செலவே இல்லாத வழி இருக்கிறது. சமையலறைக்குப் போங்கள். 11 செ.மீ. அகலத்தில் உரித்த தேங்காய் ஒன்று, அதுதான் சூரியன். பூமிக்கு ஒரு கேழ்வரகு. வியாழனுக்குப் பெரிய கொண்டைக்கடலை. நெப்டியூனுக்கு ஒரு மிளகு. இப்போது தெருவுக்கு வாருங்கள். தேங்காயை வாசலில் வையுங்கள். கேழ்வரகை 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கொண்டைக்கடலை 61 மீட்டரில். மிளகு 350 மீட்டரில், அதாவது தெருவைத் தாண்டி எங்கேயோ. நிலா? கேழ்வரகிலிருந்து வெறும் 3 செ.மீ. தள்ளி. மனிதன் இதுவரை கால் வைத்த அதிகபட்ச தூரம் அந்த 3 செ.மீ.தான். சூரியனைப் போன்ற இன்னொரு நட்சத்திரம், ஆல்ஃபா சென்டாரி, எங்கே இருக்கும் தெரியுமா? அடுத்த தேங்காயைச் சுமார் 3,200 கி.மீ. தள்ளி வைக்க வேண்டும். கன்னியாகுமரியில் ஆரம்பித்தால் காஷ்மீரையே தாண்டிவிடும்.

அக்கா மகளோடு இதைச் செய்தேன். கொண்டைக்கடலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் கேட்டது: "நடுவுல ஒண்ணுமே இல்லையா மாமா?" இந்தக் கேள்வி எந்தச் சார்ட்டிலிருந்தும் வராது.

"இதெல்லாம் சரிப்பா, பரீட்சைக்குப் பெயர்தானே கேட்பான்?" என்பார்கள். கேட்கட்டும். நடந்து பார்த்த குழந்தைக்குப் பெயர் தானாக வரும். அதோடு, பட்டியல் என்ன அவ்வளவு நிரந்தரமா? 1801ல் கண்டுபிடித்த சீரீஸைப் பல வருடம் கோள் என்றுதான் எழுதினார்கள். அதே பாதையில் மேலும் மேலும் சிறுகோள்கள் கிடைத்ததும் எடுத்துவிட்டார்கள். 1930ல் கிடைத்த புளூட்டோவுக்கும் 2006 ஆகஸ்டில் பிராக் நகரத்துக் கூட்டத்தில் அதே கதி. ஏன் எடுத்தார்கள் என்று பேசினால் அது அறிவியல். "ஒன்பதை அடி, எட்டு என்று எழுது" என்றால் அது டிக்டேஷன்.

இதைவிட மோசம், பயத்தோடு அறிமுகம் செய்வது. சனிக்கோளின் வளையத்தை ஒரு குழந்தை பார்ப்பதற்கு முன்பே "சனியனே" என்று நாலு திட்டு வாங்கிவிடுகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் வளைய சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல் வழியாகப் போனது. நான் அப்போது ஒன்பதாவது. வானத்தில் நெருப்பு மோதிரம் நின்ற நேரத்தில் நான் ஜன்னல் சாத்திய அறைக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் பூட்டினார்கள். ஆனால் போனது போனதுதான்.

அடுத்த வளைய கிரகணம் மதுரைப் பக்கம் 2031 மே 21. அக்கா மகளுக்கு அப்போது ஏறக்குறைய என் அன்றைய வயது இருக்கும். கிரகணக் கண்ணாடியை இப்போதே வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். அவளை யார் பூட்டி வைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

டிஸ்கி: சூரியனை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், கிரகணத்தன்றும் சரி, மற்ற நாளிலும் சரி. பைனாகுலரில் பார்க்கவே கூடாது. அதை வியாழனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை ஆடாமல் பிடித்தால், 1610ல் கலிலியோ பார்த்த அந்த நாலு நிலாக்கள் தெரியும். மறுநாள் பாருங்கள், இடம் மாறியிருக்கும். குழந்தையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.