அங்குசம் வாங்கியாச்சு, யானை எங்கே?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கி, எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். அன்றைக்கு நாங்கள் வீடு சேரும்போது மணி பதினொன்று.

வழியில் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, அடியேனிடம் வீரமும் இருந்தது. நட்டுதான் அசையவில்லை. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன். ஸ்பேனர் வளைந்தது! இருட்டில் குழந்தை வேறு அழுகை. கடைசியில் ஒரு லாரி டிரைவர் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகிக் கழற்றினார். "பஞ்சர் கடைல காத்துத் துப்பாக்கிய வச்சு ஓவரா இறுக்கிட்டான் ஸார்."

மறுநாளே நானும் ஒரு துப்பாக்கி வாங்கிவிட்டேன். அரை இஞ்ச் ஏர் இம்பாக்ட் ரெஞ்ச். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினேன்.

"சரி தம்பி, கம்ப்ரஸர்?"

"சைக்கிள் பம்ப் இருக்கு அண்ணாச்சி!"

அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. இதற்கு 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், நிமிஷத்துக்கு நாலைந்து கன அடி காற்று வேண்டுமாம். கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தம்!

"முதல்ல கம்ப்ரஸரைப் பாக்கணும், அப்புறம்தான் துப்பாக்கி. அது கேக்குற காத்தைவிடக் கொஞ்சம் கூடவே தரணும். வீட்டுக்கு 50 லிட்டர் டேங்க் போதும். ஒரு வீல் கழட்டு, டேங்க் நிரம்புற வரைக்கும் காப்பி குடி."

பிறகு பராமரிப்பு உபதேசம். வேலைக்கு முன்னால் காற்று நுழையும் வாயில் நாலு சொட்டு ஏர் டூல் ஆயில். முடித்ததும் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். விட்டால் டேங்கும் துரு, துப்பாக்கியும் துரு. உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று அடிப்பதால் பளபளக்கும் சாதா சாக்கெட் உடைந்து தெறிக்கலாம். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் போட வேண்டும், கண்ணாடி அணிந்து.

"முக்கியமா ஒண்ணு... கழட்டத்தான் துப்பாக்கி. கையால நட்டை மரையில ஏத்தி, கடைசி இறுக்கு டார்க் ரெஞ்ச்லதான். சின்னக் காருக்கு 100 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், உன் கார் புஸ்தகத்தைப் பாரு. மீறினா நட்டுக்கு மரை போகும். அப்புறம் ரோட்டுல உனக்குப் போகும்."

கம்ப்ரஸரும் வந்தது. நான் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் என்பதைத் தெருவே மறந்துவிட்டது. "காத்தடிக்கிற மாமா இருக்காரா?" என்று சைக்கிளோடு வாசலில் பொடியன்கள் வரிசை.

போகட்டும். இப்போதெல்லாம் வீல் மாட்டியதும் ஒரு பரீட்சை வைக்கிறேன். புது வீல் ஸ்பேனரை மனைவியிடம் கொடுத்து, ஒரு நட்டைக் கழற்றச் சொல்வேன். கழன்றால் பாஸ்; நானே மறுபடி அளவோடு இறுக்கிவிடுவேன்.

நேற்று ஒரே தம்மில் கழற்றிவிட்டு, "அன்னிக்கே என்கிட்ட குடுத்திருக்கலாம்ல?" என்றாள்.