பந்தி முடிஞ்ச பிறகு வர்ற விருந்தாளி

 

வரப்போற பொதுக்கூட்டத்துல ஒரு விஷயம் பேச இருக்காங்க. கோயில் வாசலுக்கு எதிரே மின்சாரக் கம்பியில சாயங்காலம் வந்து உட்கார்ற குருவிகளை விரட்டணும்னு சிலர் கேட்டிருக்காங்க. சத்தம் போடுற கருவி வைக்கலாம், பட்டாசு கொளுத்தலாம், பைப்புல தண்ணி பீச்சலாம்னு ஆளுக்கொரு யோசனை. எச்சம் பந்தல் மேல விழுது, காடி மேல விழுது, பால்குடம் எடுத்து வர்றவங்க மேலயும் விழுதுன்னு சொல்றது பொய் இல்ல. காலையில கழுவுறது தொண்டர்களான நாங்கதானே, எங்களுக்குத் தெரியாதா?

இருந்தாலும் விரட்டக் கூடாதுன்னுதான் நாங்க கூட்டத்துல சொல்லப் போறோம். காரணத்தை முன்கூட்டியே எழுதிடறோம். பெரியவங்க, தாய்மார்கள், தம்பி தங்கச்சிங்க எல்லாரும் படிச்சிட்டு வந்து கை தூக்குங்க.

முதல்ல இது எந்தப் பறவைன்னு பார்ப்போம். தமிழ்ல இதுக்குத் தகைவிலான்னு பேரு. மலாய்க்காரங்க லாயாங்-லாயாங்னு சொல்வாங்க. முதுகு நீலம் கலந்த கருப்பு, தொண்டை செம்பழுப்பு, வால் கத்தரிக்கோல் மாதிரி பிரிஞ்சிருக்கும். சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியா பக்கம்தான் இது முட்டையிடும். அங்க வீட்டுத் தாழ்வாரத்துலயும் மாட்டுக் கொட்டகையிலயும் சேத்தால கிண்ணம் மாதிரி கூடு கட்டி, நாலஞ்சு முட்டை இடும். குளிர் வந்தா அங்க பறக்கிற பூச்சி இருக்காது. அதனால செப்டம்பர் வாக்குல தெற்கே வந்து, ஏப்ரல் வாக்குல திரும்பிப் போகும். பகல்ல செகிஞ்சான், சுங்கை பெசார் வயல் மேல பூச்சி பிடிக்கும். ராத்திரி கடைத்தெருக் கம்பியில தூங்கும்.

"இங்கதான் முட்டையே இடறது இல்லையே, நாம விரட்டினா அதோட குஞ்சுக்கு என்ன ஆகப்போகுது?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பதிவே அதுக்குப் பதில்தான்.

தகைவிலான் தன் இறக்கைச் சிறகை மாத்திக்கிறது இந்தத் தெற்கு நாடுகள்ல இருக்கிற மாதங்கள்லதான். பழைய சிறகு ஒவ்வொண்ணா உதிர்ந்து புதுசு முளைக்கும். அந்தப் புதுச் சிறகை வச்சுத்தான் ஆயிரக்கணக்கான மைல் திரும்பிப் பறக்கணும். இங்க பசியில வளர்ந்த சிறகு பலமா இருக்காது. கடலோரச் சேத்துல மேயுற உள்ளான் வகைகளைப் பாருங்க. புறப்படுறதுக்கு முன்னால தின்னு தின்னு உடம்பை ஏத்திக்கும். சில இனங்கள் எடையை ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கும். மெலிஞ்சு போற பறவை வடக்கே லேட்டாப் போய்ச் சேரும். அந்த வருஷம் கூடு கட்டாமலே விட்டாலும் விட்டுடும். அங்க இடப்போற முட்டைக்கு இங்கேயே ஏற்பாடு நடக்குது. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தா அது சேர்த்து வச்ச தெம்பைத்தான் நாம பிடுங்குறோம்.

அடுத்தது நேரம். பருவநிலை மாற்றம் வந்து மோதுற இடமே இதுதான். நம்ம கோயில் அன்னதானத்தை வச்சே சொல்றோம். பன்னிரண்டு மணிக்குப் பந்தின்னு பக்தர்களுக்குத் தெரியும். ஒரு நாள் சமையல் ஒன்பது மணிக்கே முடிஞ்சு, பத்து மணிக்கெல்லாம் பரிமாறித் தீர்ந்துடுச்சுன்னு வைங்க. வழக்கம்போல பன்னிரண்டு மணிக்கு வந்தவர் மேல தப்பு ஏதாவது இருக்கா? ஆனா இலை காலி.

வடதுருவத்துக்குப் பக்கத்துல இப்ப நடக்கிறது இதுதான். பனி உருகினதும் பூச்சிகள் ஒரேடியாப் பொரிஞ்சு கொஞ்ச நாள்தான் மண்டிக் கிடக்கும். உள்ளான் குஞ்சு முட்டையை விட்டு வந்த உடனே தானே ஓடித் தானே பொறுக்கித் தின்னணும். அதனால குஞ்சு பொரியுற நாளும் பூச்சி மண்டுற நாளும் ஒண்ணா அமையணும். பூச்சிக்கு வெயில்தான் பஞ்சாங்கம். பறவைக்குப் பகல் நீளமும் அதோட உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமும்தான் பஞ்சாங்கம். உலகம் சூடாகும்போது ஒரு பஞ்சாங்கம் முன்னால ஓடுது, இன்னொண்ணு அப்படியே நிக்குது. சபாக் வெயிலைப் பார்த்து, சைபீரியாவுல பனி உருகிடுச்சான்னு ஒரு பறவைக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு அத்தாட்சி இருக்கு. ரஷ்யாவின் வடகோடியில தைமீர் தீபகற்பத்துல முட்டையிடுற ஒரு உள்ளான் இனத்தைப் பற்றி 2016ல ஒரு ஆய்வு வந்தது. 33 வருஷத்துல அங்க பனி உருகுறது ரெண்டு வாரத்துக்கும் மேல முந்திப் போச்சு. பனி சீக்கிரம் உருகின வருஷத்துல பிறந்த குஞ்சுகள் உருவத்துல சின்னதா, அலகு குட்டையா வளர்ந்துச்சு. அதுங்க குளிர்காலத்துக்குப் போற இடம் மேற்கு ஆப்பிரிக்காவுல மொரித்தானியா. அங்க சிப்பி சேத்துக்குள்ள ஆழமா இருக்கும். குட்டை அலகுக்கு எட்டாது. அப்படிப் பல பறவை செத்துச்சு. வடக்கே குஞ்சுல பட்ட பசி, தெற்கே போன பிறகு கொன்னுடுச்சு.

விவசாயம் எங்க வருதுன்னா, ஹாலந்து நாட்டைப் பாருங்க. அங்க புல்வெளியில கூடு கட்டுற கருவால் மூக்கன்ங்கிற பறவையை அவங்க நாட்டுப் பறவைன்னே சொல்றாங்க. வெயில் முந்தி வருது, உரமும் அதிகம் போடுறாங்க, புல் சீக்கிரம் வளருது. மாட்டுத் தீவனத்துக்கு மெஷின் வச்சு முன்னாடியே அறுக்கிறாங்க. முட்டையும் குஞ்சும் மெஷின்ல மாட்டிக்குது. தப்பின குஞ்சுக்கும் புல்லில் பூச்சி இல்ல. 1960களுக்குப் பிறகு அந்தப் பறவை அங்க பாதிக்கும் கீழே குறைஞ்சு போச்சு. இப்ப அறுப்பைத் தள்ளிப்போடுற விவசாயிக்கு நஷ்டஈடு கொடுக்கிறாங்க. அதே இனத்தோட கிழக்குக் கூட்டம்தான் நம்ம சிலாங்கூர் கரைச் சேத்துக்கும் வருது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். பெர்ணம் ஆத்துத் தண்ணியில வருஷத்துக்கு ரெண்டு போகம் விளையுற பூமி இது. தண்ணி நிக்கிற வயல், வலசை வர்ற பறவைக்கு அன்னச்சத்திரம். அதே வயல்ல நத்தைக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து, களைக்கு மருந்துன்னு அடிச்சா, பறவை தின்ன வேண்டியது முதல்ல சாகும். அறுத்த தாளைக் கொளுத்தினா மிச்சம் மீதியும் போகும். கடல் பக்கம் இன்னொரு நெருக்கடி. கடல் மட்டம் ஏறினா சேத்து நிலம் உள்பக்கம் நகரணும். ஆனா வயலைக் காப்பாத்தக் கட்டின மண் அணை குறுக்கே நிக்குது. கடலுக்கும் அணைக்கும் நடுவுல சேறு ஒடுங்கிக்கிட்டே போகுது.

இதுக்காக விவசாயியைத் திட்ட நாங்க தயாரா இல்ல. தங்க நத்தை ஒரே ராத்திரியில நாத்தைத் தின்னுட்டா கடன் வாங்கி நட்டவர் என்ன செய்வார்? அந்த நத்தை தென் அமெரிக்காவுல இருந்து, சாப்பாட்டுக்குன்னு 1980கள்ல ஆசியாவுக்குக் கொண்டு வந்தது. அதையே விரும்பித் தின்ன ஒரு பறவை இருக்கு, நத்தைகுத்தி நாரை. பாங்காக்குக்கு வடக்கே வாட் பை லோம்னு ஒரு புத்தர் கோயில். முன்னெல்லாம் தாய்லாந்துல இந்த நாரை கூடு கட்ட மிச்சமிருந்த பெரிய இடம் அந்தக் கோயில் வளாகத்து மரங்கள்தான். எச்சத்தால மரங்களே பட்டுப் போச்சு. அப்பவும் அங்க அதுக்கு இடம் இருந்துச்சு. பிறகு தங்க நத்தை பெருகினதும் நாரையும் பெருகி, 2013 வாக்குல இருந்து கூட்டம் கூட்டமா நம்ம நாட்டு வயலுக்கும் வந்து நத்தையைத் தின்னுது. ஒரு கோயில் பொறுத்துக்கிட்ட எச்சத்துக்கு இன்னொரு நாட்டு விவசாயிக்குக் கூலி கிடைச்ச மாதிரி.

நம்ம முன்னோர் ஊர்லயும் இது புதுசு இல்ல. செங்கல்பட்டு வேடந்தாங்கல்ல, பறவையைச் சுட்டுக் கொல்றாங்கன்னு கிராமத்து மக்களே முறையிட்டு, 1798ல கலெக்டர் லயனல் பிளேஸ் கையால பாதுகாப்புப் பத்திரம் வாங்கினாங்க. எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு அந்த விவசாயிகளுக்குத் தெரியும். மழை பொய்ச்சு ஏரி நிரம்பாத வருஷத்துல அங்க கூடு கட்ட பறவை வராதுன்னும் தெரியும்.

அதே வட்டாரத்துலதான் திருக்கழுக்குன்றம். மலைமேல குருக்கள் உச்சிவேளையில பொங்கல் வைக்க, ரெண்டு வெள்ளைக் கழுகு வந்து தின்னுட்டுப் போகும். ஊரே பார்த்துக் கும்பிடும். 1990களோட அது நின்னு போச்சு. ஏன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. அந்த ரெண்டு கழுகுக்கு என்ன ஆச்சுன்னு நாங்க சொல்ல வரல. ஆனா அதே காலத்துல இந்தியா முழுக்கக் கழுகுகள் செத்து விழுந்தது உண்மை. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகோட சிறுநீரகத்தைக் கெடுத்துச்சு. சில இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல அழிஞ்ச பிறகுதான் 2006ல மாட்டுக்கு அந்த மருந்து கூடாதுன்னு தடை வந்தது. தொழுவத்துல நடந்த ஒண்ணு வானத்தைக் காலி பண்ணிடுச்சு.

"தகைவிலான் என்ன அழிஞ்சா போகுது, கோடிக்கணக்குல இருக்கே?"ன்னு கேட்கலாம். உண்மைதான், அது அரிதான பறவை இல்ல. ஆனா அரிதான பிறகு பத்திரம் எழுதி என்ன பயன்? பேக்டரியில வேலை செய்றவங்களுக்கு ஒண்ணு தெரியும். லைன் ஒரே நாள்ல நிக்காது. இங்க ஒரு சாமான் லேட்டு, அங்க ஒரு மெஷின் சூடுன்னு சின்னச் சின்னதா வரும். எல்லாம் சேர்ந்தா ஒரு நாள் லைன் நின்னுடும். வடக்கே பனி, வழியில மருந்து, இங்க பட்டாசுன்னு இந்தப் பறவைக்கும் அப்படித்தான் சேருது. அதுல நம்ம கையில இருக்கிறது கடைசி ஒண்ணு மட்டும்.

அதனால கூட்டத்துல நாங்க வைக்கப்போற கோரிக்கை இவ்வளவுதான்.

செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வாசல்ல கன்வாஸ் கூரை போடுவோம். எச்சத்தை மாஸ்க் போட்டு, முதல்ல தண்ணி ஊத்தி நனைச்சுட்டுக் கழுவுற வேலையை தொண்டர் குழு எடுத்துக்கும்.

தீபாவளியும் தைப்பூசமும் அந்தக் குருவிங்க இங்க இருக்கிற மாதத்துலதான் வருது. உறுமியும் நாதஸ்வரமும் தாராளமா முழங்கட்டும். பொழுது சாய்ஞ்ச பிறகு கம்பிக்குப் பக்கத்துல ராக்கெட், வாணவேடிக்கை மட்டும் வேண்டாம்.

நம்ம பிள்ளைங்க யாரும் வயல்லயும் கரையிலயும் பறவைக்கு வலை போடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பறவையை லைசென்ஸ் இல்லாம பிடிக்கிறது 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெர்ஹிலித்தான் பிடிச்சா கோயில் வந்து ஜாமீன் எடுக்காது.

வயல் வச்சிருக்கிறவங்க, தோட்டத்துல மருந்து அடிக்கிற அண்ணன்மார்கள், தேவைக்கு மேல ஒரு டேங்க் கூட அடிக்காதீங்க, தாளைக் கொளுத்தாதீங்க. முதல்ல காப்பாத்தப்படுறது உங்க நுரையீரல்தான்.

காக்காய்க்கு வைக்காம சாப்பிடாத வீடு நம்ம வீடு. மயிலுக்கும் சேவலுக்கும் கருடனுக்கும் சந்நிதியில இடம் கொடுத்த சமயம் நம்ம சமயம். வாசல்ல இருக்கிற கம்பியை நாம கொடுக்கக்கூட வேண்டாம், அது மின்சார வாரியத்தோடது! பறிக்காம இருந்தா போதும்.

மாத்துக் கருத்து இருக்கிறவங்களும் கட்டாயம் கூட்டத்துக்கு வாங்க. நேருக்கு நேர் பேசி முடிவு எடுப்போம். பேசி முடிச்சதும் தேநீரும் வடையும் உண்டு. பந்தி நேரத்தை முன்கூட்டியே சொல்லிடுவோம்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு, சபாக்