தோத்தவனுக்கும் ஒரு அடுத்த சனிக்கிழமை

ஸ்கூல் டீமில் நாங்கள் விளையாடிய கடைசி வருஷம், எங்கட சீசன் மொத்தமே ஒரு மெட்ச்தான். ஒன்றரை மாதம் சுபஹு தொழுத கையோடு கிரவுண்டுக்குப் போனோம். கச்சான் காற்று அடிக்கிற காலம். பந்தை உயரத் தூக்கினால் எங்கே போய் விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது. ஆளுக்கு ஆள் காசு போட்டு வேன் பிடித்து வலயப் போட்டிக்குப் போனோம். ஒன்றுக்குப் பூச்சியம். தோற்றோம். பகல் சாப்பாட்டுக்கு முன்னமே சீசன் முடிந்துவிட்டது.

அந்த ஒரு கோல் எங்கட கீப்பரின் கைக்குள்ளால் நழுவிப் போனது. திரும்பி வரும்போது வேனில் ஒருத்தரும் அவனை ஏசவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. பிறகு ஏ.எல். சோதனை, அதுக்குப் பிறகு கட்டார். இன்றைக்கும் ஊரில் அவன் பேச்சு வந்தால் அந்தக் கோல்தான் முதலில் வரும். பிராக்டிஸில் அவன் பாய்ந்து பிடித்த பந்தெல்லாம் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

இதை ஏன் இப்போ எழுதுகிறோம்? கொஞ்ச நாளாக எங்களில் சிலருக்கு அமெரிக்கன் கொலேஜ் புட்போல் பைத்தியம். நாங்கள் விளையாடுகிற புட்போல் இல்லை. நீட்டுப் பந்தும் ஹெல்மெட்டுமாக ஒருத்தரை ஒருத்தர் முட்டி விழுத்துகிற விளையாட்டு. செப்டம்பரில் நியூயோர்க்கில் சனிக்கிழமை பகல் 12 மணி என்றால் எங்களுக்கு இரவு ஒன்பதரை. விதிகளில் பாதி இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் நல்லா விளங்கியது. அங்கே மேல் பிரிவு டீம் ஒன்றுக்கு சீசனுக்கு 12 மெட்ச். வென்றாலும் 12, தோற்றாலும் 12. முதல் மெட்ச்சில் எவ்வளவு மோசமாக அடி வாங்கினாலும் அட்டவணையில் அடுத்த மெட்ச் காத்துக்கொண்டு இருக்கும்.

தோல்விக்குப் பேர் போன டீம் என்றால் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம். சிக்காகோவுக்குப் பக்கத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. எங்கட வடமேல் மாகாணத்துக்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான், அதனால் கொஞ்சம் கூடுதல் பாசம்! 1979 முதல் 1982 வரை அவர்கள் தொடர்ந்து 34 மெட்ச் தோற்றார்கள். 1982 செப்டம்பரில் நோர்தேர்ன் இலினோயை 31-6 என்று வென்றபோது, ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஏரிக்குள் போட்டார்கள். 1995 சீசனில் அதே பல்கலைக்கழகம் பிக் டென் சம்பியன். 1996 ஜனவரி 1ஆம் திகதி ரோஸ் போல் மெட்ச்சில் இறங்கியது. அதில் தோற்றது, அது வேற கதை.

நாங்கள் பார்ப்பது இதைத்தான்: 34 தடவை தோற்க அவர்களுக்கு 34 மெட்ச் கிடைத்தது. எங்கட நொக்அவுட் முறையில் என்றால் வருஷத்துக்கு ஒரு தோல்வி, அதோடு வீடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 டீம் நொக்அவுட் என்றால் முதல் சுற்றோடு எட்டு டீமின் சீசன் சரி. ஒரு சம்பியனைக் கண்டுபிடிக்க இது சுருக்கமான, மலிவான வழிதான். ஆனால் ஸ்கூல் விளையாட்டு சம்பியனைக் கண்டுபிடிக்க மட்டுமா இருக்கிறது? கூட மெட்ச் தேவைப்படுகிறவன் தோற்றவன். நொக்அவுட் கொடுப்பதோ வென்றவனுக்கு. நல்ல கிரவுண்டும் கோச்சும் உள்ள ஸ்கூல் நாலு மெட்ச் விளையாடி இன்னும் நல்லா வருகிறது. மணல் கிரவுண்டில் பழகிய ஸ்கூல் ஒரு மெட்ச்சோடு வருஷம் முழுக்கக் காத்திருக்கிறது. அடுத்த வருஷமும் அதே முடிவு வந்தால் ஆச்சரியம் என்ன?

“அமெரிக்காக்காரனிடம் காசு இருக்கு, விளையாடுறான்” என்று சொல்வீர்கள். உண்மைதான். அந்த டிவி காசும் வேண்டாம், தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படும் அந்தப் பிரச்சினையும் வேண்டாம். ஆனால் அங்கேயே டிவிஷன் த்ரீ என்று ஒரு பிரிவு உண்டு. விளையாட்டுக்காக ஸ்கொலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்பது அதன் விதி. அந்தப் பிள்ளைகளுக்கும் சீசனுக்குப் பத்து மெட்ச் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 1945இல் தொடங்கிய ரோயல்–டிரினிட்டி பிராட்பி கேடய ரகர் இரண்டு மெட்ச்சாக நடக்கிறது, கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று. முதலாவதில் தோற்றவனுக்கு இரண்டாவது இருக்கிறது.

வலயப் போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு சின்னதாக ஒரு லீக் வேண்டும் என்கிறோம். பாலாவியில் இருந்து நுரைச்சோலை, ஏத்தாளை தாண்டி கற்பிட்டி வரைக்கும் ஒரே ரோடு. அந்த ரோட்டில் ஆறு ஸ்கூல் சேர்ந்தால் போதும். ஒருத்தரோடு ஒருத்தர் ஒரு தடவை மோதினால் 15 மெட்ச். சனிக்கிழமைக்கு மூன்று வீதம் ஐந்து கிழமையில் முடியும். எல்லாருக்கும் ஐந்து மெட்ச் நிச்சயம். வேன் வேண்டாம், லைன் பஸ் போதும். பொம்பளைப் பிள்ளைகளுக்கு நாலு ஸ்கூல் டீம் சேர்ந்தாலே மூன்று சனிக்கிழமை கிடைக்கும். தமிழ் ஸ்கூலும் முஸ்லிம் ஸ்கூலும் சிங்கள ஸ்கூலும் ஒரே ரோட்டில் இருந்தும் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் படித்து முடிக்கிற நிலைமையும் கொஞ்சம் மாறும்.

டியூஷன் கிளாஸ் என்று வீட்டில் மறிப்பார்கள். வருஷத்தில் ஐந்து பின்னேரம்தானே, அசருக்குப் பிறகு வைக்கலாம். விசில் ஊத ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். எங்களைப் போல ஒரே மெட்ச்சோடு முடிந்துபோன பழைய மாணவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அதிபர்மார் கிரவுண்டைத் திறந்து தந்தால் சரி.

அன்றைக்கு எங்களுக்கு அடுத்த சனிக்கிழமை ஒரு மெட்ச் இருந்திருந்தால் வென்றிருப்போமா, தெரியாது. நாலு கோல் வாங்கியும் இருக்கலாம். ஆனால் எங்கட கீப்பரைப் பற்றிச் சொல்ல ஊருக்கு இன்னொரு கதையும் இருந்திருக்கும்.