வாடகை மென்பொருள் வேண்டாம் என்கிறேன்

ஓசூர் சிப்காட் பக்கம் வாடகை வீடு தேடிய நம் ஆட்களுக்கு இது தெரியும். அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்து, சாவி கைக்கு வரும் நேரத்தில், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வரும். 1917இல் பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து அம்பேத்கர் விரட்டப்பட்டார். பின்னாளில் தன் புத்தகங்களுக்கும் இடம் வைத்து, தாதரில் ராஜகிருகம் என்ற சொந்த வீட்டைக் கட்டினார்.

மென்பொருள் நிறுவனம் சாதி கேட்பதில்லை, கடன் அட்டைதான் கேட்கிறது. நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் சாவி அவர்கள் கையில்தான்.

ஓசூர் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நேர்காணல்களைப் பகுத்து வைக்க, மாதச் சந்தா கட்டும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினேன். சென்ற ஆண்டு உதவித்தொகை ஐந்து மாதம் வரவில்லை. சந்தா நின்றது. இரண்டு வருட உழைப்பு திரையில் தெரிகிறது, ஒரு வரியைத் திருத்த முடியவில்லை. அதைவிடப் பயமாக இருந்தது இன்னொன்று. எந்த மேஸ்திரி யாரைக் கழிவறை வேலைக்கு மட்டும் அனுப்புகிறார் என்று என்னை நம்பிச் சொன்னவர்களின் குரல்கள் எந்த நாட்டு சர்வரில் கிடக்கின்றன என்று எனக்கே தெரியாது.

பெரிய முதலாளிக்கும் இந்த நிலைதான். 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்த சில நாட்களில், நயாரா எனர்ஜியின் மின்னஞ்சலை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நிறுவனம் அது. டெல்லி உயர்நீதிமன்றம் போனது, சேவை திரும்பியது. நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

வேறு வழி தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது லினக்ஸைக் கொண்டுவந்தவர் தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர். 2010இல் அவருடைய சாதிச் சான்றிதழே பொய் என்று சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தார்கள், பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எனக்கு வந்த பெட்டியிலும் லினக்ஸ் இருந்தது. இணையமே எட்டாத எங்கள் ஊரில், யாருடைய அனுமதியும் கேட்காமல் பத்து வருடம் ஓடியது அது.

"மடிக்கணினி கெட்டால் எல்லாம் போச்சே" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான், நண்பர் ஒருவருக்கு அப்படியே ஆனது. கைபேசி மட்டுமே உள்ளவர்களுக்கு சர்வரை விட்டால் வழியில்லை என்பதும் உண்மை. கூட்டறிக்கை எழுத நானும் இணையக் கோப்பைத்தான் திறக்கிறேன். ஆனால் ஆய்வுத் தரவு வேறு. இப்போது குவால்கோடர் என்ற கட்டற்ற மென்பொருளை என் கணினியிலேயே நிறுவியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, பழக ஒரு மாதம் பிடித்தது. நகல்கள் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று என்னிடம், ஒன்று தோழர் வீட்டில்.

தளி பக்கத்து அக்கா ஒருவர் பேசி முடித்ததும், "நான் சொன்னது எங்க இருக்கும் தம்பி?" என்று கேட்டிருந்தார். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போன வாரம் போய் ஹார்ட் டிஸ்கைக் காட்டினேன். "இதுல என் பேரு இருக்கா?" என்றார். இல்லை என்று கோப்பைத் திறந்து காட்டினேன்.